சேவல் ஏலமும் சமாதானமும்

ராயபுரத்தில் எங்கள் சர்ச்சில் திடப்படுத்தல் (முதல் நற்கருணைக்கு முன்னால் விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் ஒருவன், ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான், கேரம் போர்டில் பெரிய கில்லாடி, போன மாதம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். "ஆன்ட்டி, சமாதானம் கொடுக்கும்போது மனசுல என்ன நினைச்சுக்கணும்?" நான் கொஞ்சமும் யோசிக்காமல், கிறிஸ்துவின் சமாதானத்தை அடுத்தவரோடு பகிர்ந்துகொள்கிறோம் என்று நினைக்க வேண்டும் என்றேன். அவனும் தலையாட்டிவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டான். கல்மண்டபத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறுத்த ஆரம்பித்தது. நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் என் அனுபவத்தில் இருந்து சொன்னதும் இல்லை. எனக்கு அந்தப் பாடம் ஒரு சேவல் ஏலத்தில்தான் ஆரம்பித்தது, அதைப் பிள்ளைகளுக்கு இருக்கும் முக்கால் மணி நேரத்தில் சொல்ல முடியாது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) அல்லாதவர்களுக்கு முதலில் கொஞ்சம் விளக்கம். எங்கள் திருவிருந்து ஆராதனையில், அதாவது நற்கருணை அப்பமும் ரசமும் வாங்கும் ஆராதனையில், காணிக்கை எடுப்பதற்கு முன்னால், ஆயர் (பாதிரியார்) சமாதானம் கூறுவார். சும்மா வாயால் சொல்வதோடு முடியாது. பீடத்தில் தன் பக்கத்தில் நிற்பவர்களுக்கு அவர் கை கொடுப்பார், அவர்கள் இறங்கி வந்து ஒவ்வொரு பெஞ்சின் ஓரத்திலும் இருப்பவருக்குக் கொடுப்பார்கள், ஓரத்தில் இருப்பவர் பக்கத்தில் இருப்பவருக்கு, அவர் அடுத்தவருக்கு, இப்படியே சுவர் வரைக்கும் போகும். கொடுக்கிற முறையும் கை குலுக்குவது போல இருக்காது. வலது உள்ளங்கையோடு வலது உள்ளங்கையைச் சேர்த்து, இடது கையால் மற்றவருடைய வலது கையை மூட வேண்டும். அவரும் அப்படியே செய்வார். இரண்டு பேருடைய நான்கு கைகளும் ஒரு பொட்டலம் மாதிரி ஆகிவிடும். ஒருவரிடம் வாங்கித்தான் அடுத்தவருக்குக் கொடுக்க முடியும், விளக்கில் இருந்து விளக்கு ஏற்றுவதைப் போல.

இந்தக் கை கொடுக்கும் வழக்கம் கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களிடம் இருந்து வந்தது. 1950-ல் தென்னிந்தியத் திருச்சபை தனக்கென்று ஒரு திருவிருந்து முறையை உண்டாக்கியபோது இதைச் சேர்த்துக்கொண்டார்கள். வெளிநாட்டுச் சபைகளில் வழிபாட்டு முறையைத் திருத்தியவர்கள் பலர் அந்தச் சின்னப் புத்தகத்தை உட்கார்ந்து படித்தார்கள். நம்மிடம் இருந்தும் ஒன்று கப்பல் ஏறிப் போயிருக்கிறது என்பதில் எனக்கு ஒரு அற்பப் பெருமை உண்டு, மறைக்க விரும்பவில்லை.

என் தாத்தா பின்னி மில் தொழிலாளி. 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் திருச்சபை இணைப்பு நடந்த அன்று உள்ளே இடம் கிடைக்காமல் வெளியே நின்றதாகச் சொல்வார். இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் சபை, மெத்தடிஸ்ட் சபை, ஏற்கெனவே ஒன்றாகியிருந்த பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் எல்லாம் ஒரே சபையானது அன்றுதான். 1919-ல் தரங்கம்பாடியில் ஆரம்பித்த பேச்சு முடிய 28 வருஷம் ஆனது. எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல் பேராயர் (பிஷப்) இருக்கலாமா, கூடாதா என்பதுதான். ஆங்கிலிக்கன்காரர்களுக்குப் பேராயர் இல்லாமல் சபையே இல்லை, மற்றவர்களுக்கு அந்தப் பதவியைப் பார்த்தாலே பயம். கடைசியில் பேராயரை வைத்துக்கொண்டார்கள். பழைய தமிழ் வேதாகமத்தில் பேராயருக்குக் 'கண்காணி' என்றுதான் இருக்கும். பேராயர் உள்ள சபையைக் குறிக்கும் 'எபிஸ்கோபல்' என்ற ஆங்கிலச் சொல்லின் கிரேக்க மூலத்துக்கும் அதுதான் அர்த்தம், மேற்பார்வை பார்க்கிறவர். தாத்தா அதைப் படித்துவிட்டு, "மில்லுல ஒரு மேஸ்திரி, கோயில்ல ஒரு கண்காணி, நமக்கு எங்க போனாலும் தப்பிக்க வழியில்ல" என்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் சபையில் ஒரு அக்கா இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது பெரியவர், தையல் தொழில், வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடைகளுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தே இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். கறார். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் யார் எதைப் பேசினாலும் கடைசியில், "அதுக்கு எவ்வளவு செலவு?" என்று கேட்பார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இவர் எப்படிப்பட்டவர் என்று ஊருக்கே தெரிந்தது. டிசம்பர் 3, அட்வென்ட் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரக் காலம்) முதல் ஞாயிறு, காலையில் நம்பிக்கையின் மெழுகுவர்த்தி என்று சொல்லி ஒன்றை ஏற்றிவிட்டு வந்தோம், ராத்திரி ஆரம்பித்த மழை மறுநாள் முழுக்க விடவில்லை, தெருவில் இடுப்பளவு தண்ணீர். சர்ச் ஹால் கொஞ்சம் மேடு. அக்கா அங்கே வந்து உட்கார்ந்துகொண்டு, மூன்று நாள் சமையலை நடத்தினார். எந்த மதம், எந்தத் தெரு என்று ஒருவரையும் கேட்கவில்லை, ஆனால் ஒரு கரண்டி உப்புமா வீணானால் விடமாட்டார். எண்ணூரில் ஆற்றில் எண்ணெய் கலந்து மீன்பிடிக்கப் போக முடியாமல் இருந்த குடும்பங்களுக்கு அரிசி அனுப்பியபோதும் மூட்டைக்கு மூட்டை கணக்கு எழுதி வாங்கினார்.

அப்படிப்பட்டவரோடுதான் நான் மூன்றே முக்கால் வருஷம் பேசாமல் இருந்தேன்.

2016 நவம்பர் 13, எங்கள் அறுப்பின் பண்டிகை. ராயபுரத்தில் என்ன வயல் இருக்கிறது, என்ன அறுக்கிறீர்கள் என்று கேட்டால் சிரிப்பு வரும்தான். ஆனால் காசிமேட்டுக் குடும்பங்கள் வஞ்சிரம் கொண்டு வருவார்கள், யாராவது ஊரில் இருந்து வாழைத்தார் இறக்குவார்கள், பூசணி, தேங்காய், மொட்டை மாடியில் வளர்த்த கோழி, வீட்டில் போட்ட கேக், பீடத்துக்கு முன்னால் குவியும். ஆராதனை முடிந்ததும் ஹாலில் ஏலம். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று மைக்கில் கத்துவதைக் கேட்கவே வருஷத்துக்கு ஒரு முறை மட்டும் சர்ச்சுக்கு வருகிற ஆட்கள் உண்டு. ஒரு முட்டை 300 ரூபாய்க்குப் போகும். கொடுக்கிறவருக்கும் தெரியும் அது காணிக்கை என்று, இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் விட்டுக்கொடுக்க மனம் வராது. கடவுள் இந்த வீம்பையும் நல்லதுக்குப் பயன்படுத்துகிறார் என்று எங்கள் பழைய ஆயர் ஒருவர் சொல்வார்.

அந்த வருஷம் என்ன ஆனதென்றால், ஐந்து நாள் முன்னால், 8-ஆம் தேதி ராத்திரி, 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். ஏடிஎம் வாசலில் தெரு முனை வரை வரிசை. யார் கையிலும் நூறு ரூபாய்த் தாள் இல்லை. பண்டிகையைத் தள்ளி வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள், ஆனால் அண்டா சொல்லியாகிவிட்டது, பந்தல்காரருக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. பழைய நோட்டு வாங்க வேண்டாம், ஏலம் எடுப்பவர்கள் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு கட்டட்டும் என்று கமிட்டியில் முடிவானது. பொருளாளர் நான். நாற்பது சீட்டுக்கு மேல் என் மஞ்சள் பையில் விழுந்தது. ஏலம் போட்டவர் தொகைகளைக் குறித்து வைத்த காகிதம் பிரியாணி அண்டா பக்கம் போய் எண்ணெயில் ஊறிப்போனது, மொத்தத் தொகையை மட்டும் மைக்கில் சொல்லியிருந்தார். டிசம்பர் முடிவதற்குள் வசூலை முடித்துக் கூட்டிப் பார்த்தால் 1,850 ரூபாய் குறைந்தது. எது எவ்வளவுக்குப் போனது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

ஜனவரியில் சங்கக் கூட்டம். கணக்கு வாசித்தேன். 1,850 துண்டு விழுகிறது, நெருக்கடியில் நடந்தது, மன்னிக்க வேண்டும் என்றேன். எல்லாரும் பரவாயில்லை என்ற மாதிரி தலையாட்டினார்கள். அக்கா மட்டும் எழுந்தார். "பரவாயில்லன்னு எப்படிச் சொல்றது? பையி அவங்க கையிலதான இருந்துச்சு. அவங்களத்தான கேக்கணும்." அவ்வளவுதான் சொன்னார். திருடினேன் என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு அப்படித்தான் கேட்டது. 'நீங்க' என்று என்னைப் பார்த்துக் கேட்காமல், கூட்டத்தைப் பார்த்து 'அவங்க' என்றாரே, அதுதான் ராத்திரி முழுக்கக் காதில் நின்றது.

அதற்கப்புறம் நான் செய்ததெல்லாம் எழுதவே கூச்சமாக இருக்கிறது. நாங்கள் இருவரும் பெண்கள் பக்கம் நான்காவது பெஞ்சு, பல வருஷமாக. அவர் ஓரத்தில், நான் அவருக்கு அடுத்து. அதாவது எனக்குச் சமாதானம் வருவதே அவர் கையில் இருந்துதான். முதல் ஞாயிறு, சமாதானம் கூறும் நேரத்தில் கைப்பையில் காணிக்கைக் கவரைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அடுத்த வாரம் பத்து நிமிஷம் தாமதமாகப் போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். அப்புறம் பின் பெஞ்சே என் இடமானது. கால் வலி, ஃபேன் காற்று என்று காரணம் சொன்னேன். அங்கே இருந்து பார்த்தால் அக்காவின் முதுகு மட்டும் தெரியும். என் காலி இடத்தைத் தாண்டி எட்டிக் கைநீட்டி அடுத்த ஆளுக்கு அவர் சமாதானம் கொடுப்பதை வாரா வாரம் பார்ப்பேன். அதே வாயால் போய் நற்கருணையும் வாங்குவேன்.

அந்தச் சமயத்தில் எனக்குப் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் நாத்தனார் ஒருவர் மூலமாக அழைப்பு வந்துகொண்டே இருந்தது. "உங்க சர்ச்சுல புத்தகத்தைப் பாத்துப் படிக்கிறீங்க, ஆவிக்குரிய வளர்ச்சி எங்க இருக்கு?" என்பார். வடசென்னையில் சி.எஸ்.ஐ. குடும்பம் எதுவும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பியிருக்காது, எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் பாதிப் பேர் காலையில் இங்கே, சாயங்காலம் அங்கே. நான் நாலு வாரம் போய்ப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, அழுதேன், மனம் லேசானது. குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு ஒன்று புரிந்தது. அங்கே நான் யாருக்கும் கை கொடுக்க வேண்டியிருக்கவில்லை, எனக்கு அதனால்தான் சௌகரியமாக இருந்தது. திரும்பி வந்துவிட்டேன், பின் பெஞ்சுக்கே.

2018 கோடையில் மகளிடம் நியூ ஜெர்சிக்குப் போனேன். அவள் போகும் சர்ச் எபிஸ்கோபல் சர்ச். நம் சி.எஸ்.ஐ. போலவே உலக ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் இருப்பது, ஆனால் கதை வேறு. அமெரிக்கா சுதந்திரம் வாங்கியதும் அங்கிருந்த ஆங்கிலிக்கன்காரர்களுக்குப் பேராயர் வேண்டும், இங்கிலாந்துக்குப் போனால் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கச் சொல்வார்கள், அதனால் சாமுவேல் சீபரி என்பவர் ஸ்காட்லாந்துக்குப் போய் 1784-ல் அங்கே பேராயராக அபிஷேகம் பெற்று வந்தார். ராஜா வேண்டாம், கண்காணி வேண்டும். தாத்தா இருந்திருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பார்.

அங்கே எனக்குப் பிடித்ததும் இருந்தது, பிடிக்காததும் இருந்தது. சபையார் தேர்ந்தெடுத்த வெஸ்ட்ரி என்ற கமிட்டி ஆயரைத் தேடி, பேசி, அழைத்து வருகிறது, இங்கே போலப் பேராயர் அலுவலகத்தில் இருந்து மாற்றல் பட்டியல் எப்போது வரும் என்று காத்திருப்பதில்லை. அதற்காக அங்கே சண்டை இல்லை என்று நினைக்க வேண்டாம், காபி நேரத்தில் கூரை பழுது பார்க்கும் செலவைப் பற்றி இரண்டு பாட்டிகள் பேசிக்கொண்ட தோரணையைப் பார்த்ததும் எனக்கு ராயபுரம் வந்துவிட்டது. பாஷை புரியாவிட்டாலும் கமிட்டிச் சண்டை புரியும்.

சமாதானம் அங்கேயும் உண்டு, 1979-ல் வந்த அவர்களுடைய ஜெபப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் ஆயர் சொன்னதும் எல்லாரும் இடத்தை விட்டு எழுந்து கல்யாண வீடு மாதிரி நடமாடுகிறார்கள். கை குலுக்குகிறார்கள், கட்டிப்பிடிக்கிறார்கள், முழங்கால் ஆபரேஷன் எப்படி ஆனது என்று விசாரிக்கிறார்கள். என்னையும் ஒரு ஐம்பது பேர் குலுக்கினார்கள். முதல் வாரம் சந்தோஷமாக இருந்தது. இரண்டாவது வாரம்தான் கவனித்தேன், நீலச் சட்டை போட்ட ஒரு பெரியவரும் இன்னொரு பெரியவரும் நடைபாதையில் எதிரெதிரே வந்து, பார்த்தும் பார்க்காத மாதிரி வளைந்து ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். நடமாட இடம் இருந்தால் தப்பிக்கவும் இடம் இருக்கும். எங்கள் பெஞ்சில் அது முடியாது, வரிசையில் யார் இருக்கிறாரோ அவருக்குத்தான். அதனால்தான் நான் பெஞ்சையே மாற்றிக்கொண்டேன் என்பது அப்போது முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆனாலும் ஊருக்குத் திரும்பி வந்து பின் பெஞ்சில்தான் உட்கார்ந்தேன். உறைத்த உடனே திருந்துகிற ஆள் இல்லை நான்.

அப்புறம் 2020. மார்ச்சில் சர்ச் கதவு மூடியது. ஆராதனை போனில் வந்தது. சமாதானம் கூறும் இடம் வந்ததும் ஆயர் கேமராவைப் பார்த்துக் கும்பிட்டார். வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும். அவர் ஆண்கள் பக்கம், நான் பெண்கள் பக்கம், கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவருக்கு நான் சமாதானம் கொடுத்ததே இல்லை என்பது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் தோன்றியது. இரண்டு பேருக்கும் வெட்கம். கொடுத்தோம். அவர் கை பழக்கமில்லாத கை மாதிரி இருந்தது. இங்கே ஏதோ குறைகிறதே என்று யோசித்தால், ஆள்காட்டி விரல் நுனியில் ஊசி குத்திக் குத்திக் காய்ந்து தடித்திருக்கும் ஒரு கை ஞாபகம் வந்தது. சமாதானம் என்றால் என் தோலுக்கு அந்தச் சொரசொரப்புதான். பத்து வருஷத்துக்கு மேல் அந்தக் கையிடம்தான் வாங்கியிருக்கிறேன்.

ஜூலையில் பரணைச் சுத்தம் செய்தபோது பழைய கணக்கு நோட்டு கிடைத்தது. எடைக்குப் போடலாம் என்று பிரவுன் அட்டையைப் பிரித்தேன், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நானே மடித்துப் போட்ட அட்டை. மடிப்புக்குள் இருந்து ஒரு சீட்டு விழுந்தது. என் கையெழுத்து. 'சேவல் – 1,850 – பிறகு தருவார்' என்று எழுதி, கீழே ஒரு பெரியவர் பெயர். எல்லாருக்கும் மரியாதையான மனிதர், தவறாமல் கொடுத்திருப்பார், நான்தான் கேட்கவேயில்லை. அவர் 2018-லேயே கர்த்தருக்குள் நித்திரை அடைந்துவிட்டார்.

பரண் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்றரை வருஷம் நான் என்னை விசுவாசத்துக்காக உயிர்விட்ட ஒரு இரத்தசாட்சி ரேஞ்சுக்கு நினைத்துக்கொண்டிருந்தேன். பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வரும்போது சகோதரனோடு ஒப்புரவாகிவிட்டு வா என்று மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் வருமே, அதைப் படிக்கும்போதெல்லாம், ஆமாம் அந்த அக்கா வந்து என்னோடு ஒப்புரவாக வேண்டியதுதானே என்று நினைப்பேன். அன்றைக்கு எடுத்துப் பார்த்தேன். உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று அங்கே இல்லை. உன்பேரில் அவனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால் என்று இருக்கிறது. சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்து பரிசு வாங்கிய வசனம், ஐம்பது வருஷமாகத் தலைகீழாகப் படித்திருக்கிறேன். அக்காவுக்கு என்மேல் குறை இருந்தது, அது நியாயமான குறை. பை என் கையில்தான் இருந்தது.

செப்டம்பரில் வழிபாட்டுத் தலங்களைத் திறக்க அரசு அனுமதி கொடுத்தது. மாஸ்க், வாசலில் சானிடைசர், ஒரு பெஞ்சு விட்டு ஒரு பெஞ்சு, சமாதானத்துக்குக் கை கொடுக்கக் கூடாது, இருந்த இடத்தில் இருந்தே கும்பிட வேண்டும். கை கொடுக்க மனம் வந்த நேரத்தில் கை கொடுக்கத் தடை. முதல் ஞாயிறே பொருளாளரிடம் போய் விஷயத்தைச் சொல்லி 1,850 ரூபாய் கட்டினேன். இவ்வளவு பழைய கணக்கை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அவர் குழம்பினார், கடைசியில் 'அறுப்பின் பண்டிகை 2016, பாக்கி' என்று எழுதிக் கொடுத்தார்.

ஆராதனை முடிந்து அக்கா படிக்கட்டில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். ஆள் இளைத்திருந்தார், ஊரடங்கில் தையல் வேலை ஒன்றும் இல்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். பக்கத்தில் போய், "ஸ்தோத்திரம்க்கா" என்றேன். மாஸ்க்கில் அடையாளம் தெரியவில்லையோ என்று கொஞ்சம் இறக்கினேன். "ஸ்தோத்திரம்" என்றார், அவ்வளவுதான். நான் தயாரித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், சேவல், சீட்டு, அட்டை, பெரியவர், பரண் என்று முன்னுக்குப் பின் முரணாகக் கொட்டினேன். "நீங்க கேட்டது சரிதான்க்கா, தப்பு என்மேலதான்" என்று முடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்து மாஸ்க் நனைந்து மூச்சு விட முடியவில்லை.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். என் தோளைத் தொடவில்லை, அழவும் இல்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

"ரசீது வாங்கினியா?" என்றார்.

பையில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். கழுத்தில் தொங்கிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்துக்குத் திருப்பி, தலைப்பு, தொகை, தேதி வரைக்கும் படித்துப் பார்த்துவிட்டு, நாலாக மடித்து என் கையில் திருப்பி வைத்தார். மடித்த காகிதத்தோடு சேர்த்து ஒரு நொடி அந்த விரல் நுனி என் உள்ளங்கையில் பட்டது. "சானிடைசர் போட்டுக்க" என்று சொல்லிவிட்டு ஆட்டோவுக்கு நடந்தார்.